தொப்பிக்குக் கீழே

லீவு நாளில் தொப்பி போட்டுக்கொள்வது என் வழக்கம். வெயிலுக்காக அல்ல, அழகுக்காக. ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கேரேஜில் வாரம் ஆறு நாள் கிரீஸில் கிடப்பவன் நான். ஏழாவது நாள் சட்டையை இஸ்திரி போட்டு, பழுப்புத் தொப்பியை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு பர் துபாய்க்குப் பஸ் ஏறினால்தான் என்னை எனக்கே பிடிக்கும்.

ஆனால் இங்கே ஒரு தமிழன் தொப்பி போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: முடி கொட்டிவிட்டது. கடல் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாயில் விடுகிறார்கள், அதில் குளித்தால் மண்டை காலி என்று நாங்கள் தங்கும் தொழிலாளர் கேம்ப் முழுக்க நம்பிக்கை. என் ரூம்காரர்கள் தலைக்கு மட்டும் குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றுவார்கள். எனக்கோ சீப்பு உடைகிற அளவுக்கு முடி. யார் நம்பினார்கள்?

கல்யாணப் பேச்சு வந்தபோது தொப்பியோடு ஒரு போட்டோ அனுப்பினேன். பெண் வீட்டில் பேச்சு மூச்சில்லை. அடுத்த வாரம், அஜ்மானில் வேலை பார்க்கும் பெண்ணின் அண்ணன் என் ரூமுக்கு வந்து உட்கார்ந்தார். குடிப்பேனா என்று கேட்கவில்லை. வேலையைப் பற்றியும் கேட்கவில்லை. கண் முழுக்க என் நெற்றிக்கு மேலேயே இருந்தது.

"ரூமுக்குள்ள எதுக்கு மாப்ள தொப்பி? புழுக்கமா இல்ல?"

"ஏசி ஓடுதுங்களே."

"இல்ல, அம்மா கேட்டாங்க. ஒரு தடவ கழட்டிக் காட்டிட்டா..."

கழற்றினேன். விக்காக இருக்குமோ என்று ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தும் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு. அப்புறம் எதுக்கு இத மாட்டிக்கிட்டுத் திரியிறீங்க?"

"பிடிச்சிருக்கு" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. வருஷங்கள் ஓடின. தண்ணீரோ வயதோ, இப்போது நிஜமாகவே உச்சியில் ஒன்றுமில்லை. வீடியோ காலில் மனைவி சொல்கிறாள்: "வெளிய போறப்ப அந்தத் தொப்பியப் போட்டுக்கங்களேன்." மச்சானும் அதையே சொல்கிறார். ரூமில் ஒருவர் பாக்கியில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆசைக்குப் போட்டபோது மறைக்கிறான் என்றார்கள். இப்போது மறைப்பதற்குப் போடச் சொல்கிறார்கள். போட்டால் அன்றைக்கு அவர்கள் நினைத்தது சரியென்று ஆகிவிடும்.

போன லீவு நாளிலும் சட்டையை இஸ்திரி போட்டேன். தொப்பியை எடுத்துத் தூசி தட்டினேன். திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, அந்த வெயிலில் வெறுந்தலையோடு பஸ்ஸுக்கு நின்றேன்.