சந்தனம் வைத்த சின்னம்

பதுளை கார் ஷோரூமில் வரவேற்பு மேசை என்னுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்த அக்கா புருஷனுக்கு, என் மச்சானுக்கு, அதே ஷோரூமில் மெக்கானிக் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அந்தச் சம்பளத்தில்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது.

கம்பனியின் விலை கூடிய கார் அதுவரை கம்பனிப் பெயரோடுதான் ஓடியது. பின்பக்கம் ஒரு சொல் மட்டும் கூடுதல். அந்த வருடம் அந்தச் சொல்லே தனிப் பெயராகி, அதற்கென்று புதுச் சின்னமும் வந்துவிட்டது. ஷோரூமின் நடுவே கண்ணாடிச் சுவர் வந்தது, தனி வாசல் வந்தது, மச்சானுக்குப் புதுப் பெயர் போட்ட கறுப்புச் சட்டை வந்தது. பழைய பெயரை இந்தப் பக்கம் சொல்லவே கூடாது என்றார் முகாமையாளர். சேர்விசுக்கு வரும் அந்தக் கார்களில் பழைய சின்னத்தைக் கழற்றிப் புதியதை இலவசமாக ஒட்ட உத்தரவு. எல்லோரும் சந்தோஷமாகவே வாங்கிப் போனார்கள்.

லுணுகலை லொறி முதலாளியின் கார் வந்தது. கொழுந்து பறித்தவளின் மகன் அவர். கார் வாங்கிய அன்றே மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, பூசாரி கையால் அந்தச் சின்னத்துக்குச் சந்தனம் வைத்தவர். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அதன்மேலேதான் பொட்டு. தடித்துக் காய்ந்திருந்த சந்தனத்தை மச்சான் சுரண்டினார். நைலோன் நூலால் சின்னத்தை அறுத்தெடுத்துக் கழிவு ஒயில் வாளியில் போட்டுவிட்டுப் புதியதை ஒட்டினார்.

முதலாளி வந்து முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பழையது எங்கே என்று கேட்டார்.

மச்சான் பெருமையாகவே வாளியைக் காட்டினார். "இப்ப நம்ம கார் தனிங்க மொதலாளி, பழைய கம்பனியோட சேராது. இதுக்குப் புதுசா பொட்டு வச்சுக்கலாங்க."

முதலாளி மச்சானின் பிடரியைப் பிடித்துப் பொனட்டில் மோதினார். மறுபடியும் மோதினார். மூக்கெலும்பு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. விலக்கப் போன என் வாயில் முழங்கை விழுந்தது.

"லயத்துல பொறந்தவன்தானடா நீ? சாமி வச்சத ஒயில்ல போடுவியா?"

வீல் ஸ்பேனரை எடுத்துப் புதுச் சின்னத்தைப் பெயர்த்தார். அடுத்த அடியில் பக்கத்துக் கண்ணாடிச் சுவரும் உடைந்து கொட்டியது. ஸ்பேனர் மச்சான் பக்கம் திரும்பியபோது நான் வாளிக்குள் கையை விட்டுச் சின்னத்தைத் தூக்கிக் காட்டினேன். அவர் கை நின்றது.

"ஒட்டு," என்றார் மச்சானிடம்.

ஒட்டினால் வேலை இல்லை என்றார் முகாமையாளர், உடைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று. மச்சான் கறுப்புச் சட்டையைக் கழற்றினார். அதாலேயே ஒயிலைத் துடைத்து, மூக்கிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட ஒட்டினார்.

பொனட்டில் இருந்த ரத்தத்தை முதலாளி கொஞ்ச நேரம் பார்த்தார். கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போவோம். நாளைக்கு நம்ம லொறிப் பட்டறைக்கு வேலைக்கு வந்துரு."

"அடிச்சிட்டுக் கூப்புடுறீங்க," என்றார் மச்சான். ஆனாலும் ஏறினார்.

கண்ணாடியைக் கூட்டச் சொன்னார் முகாமையாளர். வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டு கூட்டினேன்.