மேலே காற்று, கீழே நீர்

சூறாவளிக்கு அடுத்த வருடம், எழுபத்தொன்பதில், நான் காற்றுக்கென்றே ஒரு கொப்பி வைத்திருந்தேன். காலையிலும், பின்னேரம் அசர் தொழுகை நேரத்திலும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அலை எப்படி இருக்கிறது என்று திகதி போட்டு எழுதுவேன். கடலைப் பற்றி வாசித்த துணிச்சலில், அலையைப் பார்த்தே நீரோட்டத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அதை நம்பிய ஒரே ஆள் என் தங்கையின் மாப்பிள்ளை. புடவைக்கடையில் வேலைக்கு நின்றவர், அந்த வருடம்தான் கரைவலை வாங்கினார். முதல் வலை மீன் மாமிக்கு என்று சொல்லிவிட்டார். மாமி என்றால் என் உம்மா. உம்மாவும் விடவில்லை, சொந்தக்காரர் எல்லோரையும் பகல் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டா.

கரையில் ஒவ்வொரு வாடிக்கும், அதாவது வலைக்காரரின் கொட்டிலுக்கும், எல்லை உண்டு. வலை அடுத்தவர் எல்லைக்குள் கரையேறினால் மீனில் பாதி அவருக்கு. அதனால் தோணியில் போய் எந்த இடத்தில் வலை வளைப்பது என்பதுதான் பெரிய கேள்வி.

பத்து நாளாகத் தெற்கிலிருந்து சோழகம் வீசியது. முதல் வலை போடும் அன்று விடியக் காற்று மாறி வடக்கிலிருந்து வீச, சிற்றலைகள் தெற்கே ஓடின.

"மச்சான், வலை தெக்கால இழுபடும். நம்மட வடக்கு ஓரத்துல வளைங்க," என்றேன்.

"கொப்பி சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?" என்றார் தோணிக்காரர்.

"ரெண்டும்தான்."

வளைத்து இழுக்கத் தொடங்கியதும் கயிற்றோடு ஆட்களும் வடக்கே, வடக்கே என்று நடந்தார்கள். ஒரு காலைக் காற்று கடலின் தோலைத்தான் திருப்பியிருந்தது. சோழகம் பத்து நாளாகத் தள்ளிய நீர் அடியில் இன்னும் வடக்கேதான் போய்க்கொண்டிருந்தது. வலை அடுத்த வாடியில் ஏறியது.

அந்த வாடிக்காரர் கூடையோடு வந்தார்.

"வாங்க தம்பி! கூப்பிடாமலே வந்திருக்கிறீங்க."

"காத்து மாறிட்டு அண்ணன்," என்றார் மச்சான்.

"காத்து மாறின உடனே நீரும் மாறுமா? ஆர் சொன்ன புத்தி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வலையில் பட்ட பாரைக்குட்டி மீனில் பாதி அவர் கூடைக்குப் போனது.

வீட்டில் உம்மா மிச்சத்தை ஒருதரம் பார்த்தா. மாங்காயும் கத்தரிக்காயும் வெட்டச் சொன்னா. சட்டியில் ஆணம் பெருகியது; மீனைவிடக் குழம்புதான் அதிகம். விருந்தாளிகளுக்கு மீன் ஒருவாறு போதுமாக இருந்தது. மருமகன் என்று மச்சானுக்கு நடுத்துண்டே கிடைத்தது, அவர் முகம் தெளிந்தது. கடைசியாக என் சோற்றுக் கோப்பை.

"காத்துப் பார்த்தவருக்கு வெறும் ஆணம் ஊத்துங்க," என்றா உம்மா. "அவர்ர மீன் வடக்கால போயிட்டு."

வீடே சிரித்தது. மாங்காய் போட்ட ஆணம் நல்ல ருசி. நான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.