வடை வரிசையில் ஒரு புரட்சிக்காரர்

இர்விங்கில் எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விருந்துக்கு வீட்டுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு போக வேண்டும். கமிட்டிக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. ஆனால் முதலில் சாப்பிடுவது அவர்கள்தான்.

2004 விருந்தில்தான் அந்தப் புரட்சிக்காரரை முதலில் பார்த்தேன். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. எதைப் பேசினாலும் சரித்திரத்தில் கொண்டுபோய் முடிப்பார். பெரிய ட்ரே நிறையத் தயிர்சாதத்தை மேஜையில் வைத்துவிட்டு, வரிசையில் எனக்குப் பின்னால் கடைசியாக நின்றார். முன்னால் வடை தீர்ந்துகொண்டிருந்தது.

"ஃபிரான்ஸ்லயும் இதே கதைதாங்க," என்றார். "பாதிரியாருக்கும் பிரபுவுக்கும் டாக்ஸ் கிடையாது. உழுறவன்தான் கட்டணும். அவனுக்கோ ரொட்டி கிடைக்காது. குறையெல்லாம் எழுதிக் குடுங்கன்னு ராஜா கேட்டாரு. ஊர் ஊரா எழுதிக் குடுத்தாங்க. ஒண்ணும் நடக்கல. கடைசில ராஜாவுக்குத் தலையே போச்சு."

சொன்னதோடு விடவில்லை. வாசலில் இருந்த ஃபீட்பேக் ஃபார்மில் இரண்டு பக்கமும் எழுதிப் போட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த பொங்கலுக்கு அவரே கமிட்டியில் இருந்தார். கையில் ட்ரே இல்லை, சட்டையில் பேட்ஜ், தட்டில் மூன்று வடை. வரிசையின் கடைசியில் நின்ற என்னைப் பார்த்ததும் கழுத்தை மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு வடையைக் கடித்தார்.