கத்திரிக்காய் நிறத்தில் ஒரு குழந்தை அறை

என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்த எல்லோரும் இளஞ்சிவப்பில் எதையாவது கொண்டுவந்தார்கள். இளஞ்சிவப்புக் கவுன், இளஞ்சிவப்பு சாக்ஸ், இளஞ்சிவப்புக் கொசுவலை, இளஞ்சிவப்பில் ஒரு யானை. என் மனைவி கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொன்றையும் வாங்கி, சிரித்து, காலடியில் வைத்துக்கொண்டாள். கடைசி ஆள் கிளம்பியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அவ ரூமுக்கு டார்க் ஃப்ளோரல்தான். முடிவு பண்ணிட்டேன்."

பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளிடம் எதிர்க்கேள்வி கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. சரி என்றேன். அப்படி என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு செல்போனில் காட்டினாள். கறுப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரன் போன்ற ஊதா. அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பெரிய பெரிய பூக்கள், தட்டு அகலத்துக்கு. சில பூக்களின் இதழோரம் லேசாக வாடியிருந்தது. பழைய காலத்து மாளிகைகளில் இப்படித்தான் இருக்குமாம்; விண்டேஜ் என்றாள். கர்ப்பமாக இருந்த மாதங்கள் முழுக்க இந்தப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். குழந்தை பிறக்கும் முன் ஒரு பொம்மைகூட வாங்கக் கூடாது என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கம். ஆணா பெண்ணா என்றும் முன்கூட்டி யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் அறை மொத்தமும் செல்போனுக்குள்ளேயே காத்திருந்தது.

"பையனா பொறந்திருந்தா?"

"அப்பவும் இதேதான். பூவைப் பாத்தா பையன் பயந்துடுவானா?"

அவள் சைதாப்பேட்டையில் ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவள். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். சுவரில் எதையாவது ஒட்டினால் சுண்ணாம்பு பெயர்ந்துவிடும் என்று அடி விழும். அவளுக்கென்று இருந்தது இரும்பு பீரோவின் பக்கவாட்டு மட்டும். அதில் ஸ்டிக்கர் ஒட்டலாம். அதையும் அண்ணனோடு பாதிப் பாதி. இதை அவள் சோகமாகச் சொன்னதே இல்லை. ஆனால் இரண்டு படுக்கையறை உள்ள வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்த இரண்டாவது அறையின் சுவர்களை அவள் ஒரு மாதிரி பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். அப்போது அந்த அறையில் என் பழைய சைக்கிளும், துணி காயப்போடுவதற்காக நாங்கள் வாங்கிய நடைப்பயிற்சி இயந்திரமும் இருந்தன.

வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், முதல் மாடி. கீழே வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற இன்ஜினியர். மாமா என்று கூப்பிடுவோம். வீட்டின் எல்லாச் சுவரும் தந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நானாகப் போய்க் கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன் என்று என் மனைவிக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்குப் போகும் வழியில், குழந்தையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று காரை நிறுத்தச் சொல்லி, குழந்தை கையில் இருக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"ஆத்துல பச்சக் கொழந்தை இருக்கறச்சே யாராவது கருப்பு அடிப்பாளோ?" என்றார் அவர்.

"கருப்பு இல்ல மாமா. கத்திரிக்காய் கலர்."

அவர் யோசித்தார். கத்திரிக்காயை எதிர்த்து அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மாமி உள்ளிருந்து, "பண்ணிக்கட்டுமே, காலி பண்றச்சே பழையபடி ஐவரி அடிச்சுக் குடுத்துட்டுப் போறா" என்றதும் தலையாட்டினார்.

அவள் குழந்தையோடு சைதாப்பேட்டையில் இருந்த மூன்று மாதத்தில் வேலை நடந்தது. மூன்று சுவருக்குக் கத்திரிக்காய்ப் பெயின்ட். வெளிப்பக்கம் பார்த்த நான்காவது சுவரில் பூப்போட்ட வால்பேப்பர். இரண்டையும் செய்ய ராயப்பேட்டையிலிருந்து ஒரு பெயின்டர் வந்தார். என் மனைவி வீடியோ காலில் மேற்பார்வை. என் வேலை செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

பெயின்டர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு செல்போனைப் பார்த்தார். "மேடம், இது கொயந்த ரூம்பா, தேட்டரா?"

"கொழந்தை ரூம்தான் அண்ணா."

"இல்ல, தேட்டருக்குத்தான் இந்தக் கலர் அடிப்பாங்கோ. அதான் கேட்டேன்."

ஆனால் சுத்தமாகத்தான் அடித்தார். வால்பேப்பரையும் பூவோடு பூ சேர்ந்து வரும்படி ஒட்டினார். முடித்து இரண்டடி பின்னால் வந்து, இடுப்பில் கைவைத்து நெடுநேரம் பார்த்தார்.

"சார், தப்பா எட்த்துக்காதீங்க. எங்க வூட்ல என் சம்சாரம் இதே டிசைன்ல நைட்டி வச்சிகினு கீது."

செல்போன் என் கையில் உயிரோடுதான் இருந்தது. அதிலிருந்து என் மனைவியின் குரல் மிகவும் மரியாதையாக வந்தது. "அண்ணா, அந்த மேல் மூலையில காத்து நின்னிருக்கு பாருங்க. அழுத்தி விடுங்க."

மகள் வீட்டுக்கு வந்தாள். ஆரத்தி எடுத்து நேராக அவள் அறைக்குத் தூக்கிப்போனோம். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த பெரிய மனுஷி போல அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் பார்வை ஒரு பெரிய சிவப்புப் பூவில் போய் நின்றது. அழவில்லை, சிணுங்கவில்லை. பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நைட்டி விவகாரம் முற்றிலும் தோற்கடிக்கப்பட்டிருந்தது.

மறுநாள் மாமா மேலே வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சுவரை ஆராய்ந்தார்.

"இது என்ன பூ?"

"தெரியாது மாமா" என்றாள் என் மனைவி.

"தெரியாத பூவைப் பாத்துண்டு ஒரு கொழந்தை வளரலாமோ?"

"தெரிஞ்ச பூ எல்லாம் கோயில் வாசல்லயே விக்குது மாமா. அங்க பாத்துப்பா."

மாமா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு இறங்கிப்போனார். மறுநாள் மறுபடியும் வந்தார். "இந்த வெள்ளை, தாமரைக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கு" என்றார். அதன்பின் நாளும் ஒரு உறவுமுறை கண்டுபிடித்தார். ஒன்று ரோஜாவின் பணக்கார அத்தை. இன்னொன்று செம்பருத்தி வீட்டுச் சம்பந்தி. கடைசியில் சுவர் முழுக்க ஒரே குடும்பமாகிவிட்டது.

இருட்டுச் சுவரில் ஒரு கஷ்டம் இருப்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கொசு தெரியாது. தந்த நிறச் சுவரில் உட்காரும் கொசு தானே வந்து மாட்டிக்கொள்ளும். கத்திரிக்காயில் அது காணாமல் போய்விடும். சாயங்காலமானால் நான் கொசு மட்டையோடு நின்று, பூவின் நடுவிலிருக்கும் புள்ளி எது, கொசு எது என்று புரியாமல், பணக்கார அத்தையை அடித்துக்கொண்டிருப்பேன்.

பல்லி இதற்கு நேர்மாறு. வெளிறிய நம் ஊர்ப் பல்லி அந்தச் சுவரில் மேடையில் விளக்கடித்ததுபோலத் தெரிந்தது. என் மனைவிக்குப் பல்லி என்றால் நாற்காலி மேல் ஏறும் அளவுக்குப் பயம். ஒருநாள் பல்லி வாலை ஆட்டிக்கொண்டு பூவிலிருந்து பூவுக்குப் போனது. அதைப் பார்த்து மகள் சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் துடைப்பத்தை எடுத்தேன்.

"வேணாம், விரட்டாத" என்றாள் என் மனைவி, நாற்காலி மேலிருந்து. "அவ சிரிக்கிறா."

அதன்பின் மழை வந்தது. சென்னை மழைக்கு வால்பேப்பர் தெரியுமா, விண்டேஜ் தெரியுமா. முதலில் சுவர் அப்பளம் போல அங்கங்கே உப்பியது. ஒரு காலை நாங்கள் குழந்தைக்கு உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது, மேல் ஓரம் மெல்ல விட்டு, பாய் சுருட்டுவதுபோல மொத்தமும் சுருண்டு இறங்கிக் கீழே வந்து உட்கார்ந்தது. அவசரமே இல்லாமல், கண் முன்னால். பின்னால் இருந்தது பாசி பிடித்த சிமென்ட். மகள் அதைப் பார்த்தாள். பிறகு பூக்குடும்பம் எங்கே என்பதுபோல எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

என் மனைவி நடைப்பயிற்சி இயந்திரத்தை வைத்திருந்த ஹாலுக்குப் போய் அதன் மேல் உட்கார்ந்தாள். அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்கும். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மாமா மேலே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஓதம். வெளில பூச்சு விட்டிருக்கு. அது என் பொறுப்பு, மழை நின்னதும் பாத்துடறேன். ஆனா ஒண்ணு, இந்தச் சுவத்துல இனிமே எதையும் ஒட்டப்படாது. அது மூச்சு விடணும்." வாசல் வரை போனவர் திரும்பி வந்து என் மனைவியிடம், "நன்னாத்தான்மா இருந்துது" என்றார். அப்போதுதான் அவள் கண்ணைத் துடைத்தாள்.

ஒட்ட முடியாது என்றால் தொங்கவிடலாம். அந்தச் சுவரின் மேல் ஒரு பரண் இருந்தது. அதிலிருந்து தரை வரை ஒரு துணி. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை மூவருமாகத் தி. நகர் போனோம், மகள் என் மார்பில் கட்டிய பையில். திரைச்சீலைக் கடைகளில் எங்கு பார்த்தாலும் சந்தன நிறம்தான். குழந்தை அறைக்கு என்றதும் விற்பனைக்காரர்கள் முகம் மலர்ந்து இளஞ்சிவப்பை உருவினார்கள். இருட்டில் பூப்போட்டது என்று நாங்கள் சொன்னால், துக்கம் விசாரிக்கும் முகத்தோடு இல்லை என்றார்கள்.

கடைசிக் கடையிலிருந்து படி இறங்கிய இடத்தில் என் மனைவி நின்றுவிட்டாள். எதிரே நடைபாதையில், ஹேங்கரில் வரிசையாக, காற்றில் ஆடிக்கொண்டு நைட்டிகள். ஒயின் நிறம், பாட்டில் பச்சை, கருநீலம். ஒவ்வொன்றிலும் தட்டு அகலத்துக்குப் பூக்கள்.

"எதுவும் பேசாத" என்றாள்.

"நான் பேசலையே."

"மூஞ்சி பேசுது."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "மேடம், எக்ஸெல்லா, டபுள் எக்ஸெல்லா?" என்றார்.

"தைக்காத துணியா இருக்கா? சுவத்துக்கு வேணும்."

"சுவத்துக்கா?"

"ஆமா. பத்தடி அகலம்."

"சுவத்துக்கு நைட்டி போட்ற மொத ஆளு நீங்கதான்" என்றவர், அடியிலிருந்து ஒரு துணிக்கட்டை இழுத்துப் போட்டு விரித்தார். நல்ல கத்திரிக்காய் நிறம். அதில் சிவப்பும் பழுப்புமாகப் பூக்கள், ஓரம் வாடிய மாதிரியே. மகள் பைக்குள்ளிருந்து கையை நீட்டினாள். பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டோம்.

சாயம் போகுமோ என்று பலமுறை துவைத்தோம். முதல் துவையலில் என் பனியன்கள் எல்லாம் இளஞ்சிவப்பாகின. வீட்டில் இளஞ்சிவப்பு உடுத்தும் ஒரே ஆள் இப்போது நான்தான். பிறகு துணியை மரச்சட்டத்தில் கோத்துப் பரணில் பதித்துத் தொங்கவிட்டோம். ஜன்னல் திறந்தால் பூக்கள் அசைந்தன. காகிதத்தில் இல்லாத அழகு அது.

ஒருநாள் காலை மாமி மேலே வந்தார். முழங்கால் வலியால் அவர் மாடி ஏறுவதே அபூர்வம். தோளில் துண்டு போட்டு, நைட்டியில், மூச்சு வாங்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் கவனித்தோம். அதே நிறம், அதே பூ.

மகள் சுவரைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மாமியை நோக்கி நீட்டினாள்.

"ஏண்டிம்மா, என் நைட்டியையா சுவத்துல மாட்டியிருக்கே?" என்றார் மாமி.

மாமிதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே குழந்தையை வாங்கித் துணிக்கு முன்னால் போய் நின்றார். தலையும் கையும் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் பூவாகிவிட்டது. மகள் விக்கல் வரும்வரை சிரித்தாள். என் மனைவி சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரசவத்துக்குப் பின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அதிலிருந்து மாமி தினமும் மாடி ஏறுகிறார், அதே நைட்டியில். முழங்காலைக் கேட்டால், அது பாட்டுக்கு அது வலிக்கிறது என்கிறார். குழந்தை மாமாவிடம் மட்டும் போக மறுத்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் ஒருநாள் என் மனைவியிடம், "அந்தத் துணி மிச்சம் ஏதாவது இருக்கோ?" என்று கேட்டார். ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள். அதை அங்கவஸ்திரம் போல மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். இப்போது அவரிடமும் போகிறாள்.

மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள். காலையில் விழித்ததும் நேராகச் சுவருக்குத்தான் போகிறாள். துணியின் கீழ் ஓரத்தைப் பிடித்துத் தன் உயரத்துக்கு இருக்கும் ஒரு பழுப்புப் பூவை வாயில் வைத்துக்கொள்கிறாள். பல் முளைக்கிறது. அந்த ஒரு பூ மட்டும் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது.