பூ கட்டிப் பார்த்த நாள்

திருக்கோவிலூர்த் தண்ணீர் எனக்குச் சேராது. தென்பெண்ணைக் காற்று பட்டாலே மூக்கடைத்துக்கொள்ளும். அந்த ஊர் இட்லியை எறிந்தால் மண்டை உடையும். முப்பது நாற்பது வருஷமாக இப்படித்தான் சொல்லி வருகிறேன். "நீங்க அங்க எத்தினி நாளு இருந்தீங்க?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். யோசித்துப் பார்த்தால், ஒரு கல்யாணத்துக்குப் போய் மத்தியானப் பந்தியோடு திரும்பியதுதான். அன்றைக்கு இட்லியே போடவில்லை.

கச்சிராயபாளையம் என்றால் கதை வேறு. அத்தை கிண்டிய கேழ்வரகுக் களி தொண்டையில் நின்று ஊருக்கெல்லாம் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் இறங்கும். அதற்கு ஈடு உலகத்தில் கிடையாது. கல்வராயன் மலையில் இறங்கும் மேகம் வேறெந்த மலைக்கும் அமையாது. இந்த ரசனையெல்லாம் ஒரு பூவிலிருந்து வந்தது.

இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்ட காலம் அது. எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே. மறியலுக்குப் போன அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. எப்போது விடுவார்கள் என்று சொல்ல ஆளில்லை. அம்மாவுக்கு இடுப்பில் கைக்குழந்தை, கொல்லையில் பிடுங்காத மரவள்ளி. இரண்டாவது படித்துக்கொண்டிருந்த என்னை அப்பா வரும்வரை எங்காவது விட வேண்டும். அம்மாவின் அண்ணன், திருக்கோவிலூரில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த மாமா ஒரு பக்கம். கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டப் போகிற, பிள்ளையில்லாத அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இன்னொரு பக்கம். மாமா வீட்டில் மின்விசிறி இருப்பதாகக் கேள்வி. அத்தை வீட்டில் ஆட்டுக்குட்டி. காலையில் கேட்டவர்களிடம் விசிறி என்றும் சாயங்காலம் கேட்டவர்களிடம் குட்டி என்றும் சொன்னேன்.

இந்த மாதிரி நேரத்தில் எங்கள் பக்கம் மாரியம்மன் கோவிலில் பூ கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பது. சின்னப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். அம்மனே சொல்லிவிட்டாள் என்றால் எந்தச் சொந்தமும் கோபித்துக்கொள்ள முடியாது. வெள்ளை வந்தால் மாமா, சிவப்பு வந்தால் அத்தை. எடுக்கிற பிள்ளையும் நான்தான். நீதிபதியும் நான், வழக்கில் மாட்டிய சொத்தும் நான்.

மாமா முதல்நாளே வந்துவிட்டார். பஸ் ஓடவில்லை. விழுந்து கிடந்த புளியமரங்களுக்கு மேலே சைக்கிளைத் தூக்கித் தூக்கிப் போட்டு, சட்டை கிழிந்து, முழங்கை சிராய்த்து வந்து நின்றார். என்னை அழைத்துப்போக மனிதர் இவ்வளவு பாடுபட்டிருக்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரும் அம்மாவும் கிணற்றடியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கோவிலில், அம்மா கட்டிக்கொண்டு வந்த பொட்டலங்களைப் பூசாரி அம்மன் காலடியில் வைத்தார்.

"இன்னாடா மருமவனே, ரோசன பண்ற?" என்றாள் அத்தை. "வெள்ளை வந்தா ஃபேன் காத்து, செவப்பு வந்தா என் வூட்டு மூட்டப்பூச்சி. பாத்து எடு."

"கொஞ்சம் சும்மா இருங்கண்ணி" என்றாள் அம்மா.

எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு அரளி. அத்தை என்னை அப்படியே தூக்கிக்கொண்டாள். மாமா கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். மனம் உடைந்துவிட்டது என்று நினைத்து, இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து, "அழுவாதீங்க மாமா, முழுப்பரீட்ச லீவுக்கு வரேன்" என்றேன். தன் பேனாவை எடுத்து என் சட்டைப்பையில் குத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

கச்சிராயபாளையத்துக்கு நடந்தே போனோம். அந்த நடையிலேயே எனக்குக் காரணங்கள் முளைத்துவிட்டன. ஃபேன் காற்று உடம்புக்கு ஆகாது. மூட்டைப்பூச்சி கடித்தால் சீக்கிரம் எழுந்து படிக்கலாம். அப்பா விடுதலையாகி வந்த பிறகும் நான் திரும்பவில்லை. பத்தாவது வரை அங்கேயே. "ஏன்டா மாமன் வூட்டுக்குப் போவல?" என்று கேட்டவர்களிடம், "அத்த வூடுதான் புடிக்கும், அதான் எடுத்தேன்" என்றேன். கண்ணை மூடி எடுத்தேன் என்பதே மறந்துபோயிற்று. சிவப்பு விரலில் சுட்டது என்றுகூட ஒருவரிடம் அளந்திருக்கிறேன். ஒதுக்கிவிட்டோமே என்று மாமாவைப் பார்த்தால் மட்டும் பாவமாக இருக்கும். அதனாலேயே பார்க்காமல் இருந்தேன்.

போன வருஷம் மாமா செத்துப்போனார். தண்ணீர் சேராதே என்று நான் இழுத்தபோது, மல்லாட்டை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள்.

"மரத்தையெல்லாம் தாண்டிகினு அவுரு வந்ததே, முடியாதுன்னு சொல்லத்தான்டா. ஜெயிலுக்குப் போனவன் புள்ளய வச்சிகினா வேல பூடும்னு பயம். ஏழு வயசுப் புள்ளைகிட்ட இத எப்புடிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். இந்த வயதில் களியை விட்டு இட்லிக்கு மாறவா? வயிறு ஒத்துக்கொள்ளாது. பஸ் ஏறிப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். அங்கே ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். மூக்கு உடனே அடைத்துக்கொண்டது.

திரும்பி வரும் வழியில்தான், இத்தனை வருஷம் எங்கே போயிருந்ததோ, அந்த இன்னொரு பொட்டலம் ஞாபகத்துக்கு வந்தது. கோவிலில் எல்லோரும் நகர்ந்த பிறகு அதை நான் எடுத்துப் பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளி. "அம்மா, இதுலயும் செவப்புதாம்மா!" என்று ஓடினேன். அம்மா அதைப் பிடுங்கி உள்ளங்கையில் கசக்கினாள். "யாருகிட்டயும் சொல்லாத கண்ணு" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன். ஒன்றுக்கு இரண்டாகச் சிவப்பை வைத்துக் காத்திருக்கிறாளே, மாரியம்மனுக்கு என்மேல் எத்தனை ஆசை என்று பூரித்துப்போய், துணிப்பையோடு அத்தையின் பின்னால் கிளம்பினேன். எங்கள் வாசலில் நந்தியாவட்டைச் செடி, ஒரு பூகூடப் பறிபடாமல், வெள்ளை வெளேரென்று நின்றுகொண்டிருந்தது.