மதில் மூலையில் நின்று திரும்பிப் பார்த்தவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசி மகத்தன்று காலையில் விருத்தாசலம் கோயில் மதிலைச் சுற்றி நடந்தேன். முன்னால் போனவர் ஈர வேட்டியில் இருந்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளை மண்; பீங்கான் கம்பெனியில் வேலை போல. ஒவ்வொரு மூலையிலும் நின்று திரும்பிப் பார்த்தார்.

"யாரைத் தேடுறீங்க?" என்றேன், கூச்சத்தோடு.

"எங்க ஊரு ஜனத்தைத்தாங்க. நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஊரை எடுத்துட்டாங்க, ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம். மகத்துக்கு மட்டும் இங்க கூடி ஒண்ணா சுத்துவோம். தனியா சுத்துற வழக்கமில்ல. இந்த வருஷம் ஒருத்தரையும் காணோம். நீங்க எந்த ஊரும்மா?"

"கருவேப்பிலங்குறிச்சி."

"பரவாயில்ல, கூட வாங்க. யாராச்சும் கேட்டா எங்க ஊருன்னு சொல்லிடுங்க" என்று சிரித்து, ஊர்ப் பெயரை இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார்.

சேர்ந்தே சுற்றி முடித்தோம். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பெயர்தான் இப்போது நினைவுக்கு வரவில்லை. கம்மாபுரம் பக்கம். தெரிந்தவர்கள் விசாரித்து, இதில் சேர்த்துவிடுங்கள்.