டிரைவர் சார் டூட்டிக்கு வருகிறார்

வந்ததும் டிரைவர் சார் இடது கையால் கைக்குட்டையை உதறி, நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் இரண்டு கண்ணாடிகளையும் துடைக்கத் தொடங்கிவிடுவார். "சார், சார், அதுக்குன்னு தனித் தாள் இருக்கு" என்று நான் ஓடிப்போய் மெல்லிய துடைப்புத் தாளை நீட்டுவேன். வாங்கிக்கொண்டு அரைவட்டமாக ஓர் இழுப்பு, திரும்ப ஓர் இழுப்பு. "கண்ணாடி தொடைக்காம வண்டிய எடுக்கக் கூடாது தம்பி." மாதம் தவறாமல் இது நடக்கும். ஒருமுறை முன்கூட்டியே தாளை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கைக்குட்டையையே எடுத்தார்.

வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். நாங்கள் அவரை டிரைவர் சார் என்போம். மூளையில் ஒருவகை நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, கை நடுங்கி, நடை இறுகிப்போகும் நோய் அவருக்கு. எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தன் தோலில் சின்னத் துணுக்கைக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தோலணுக்களை நரம்பணுக்களாக மாற்றி வளர்ப்பது எங்கள் தலைவியான டாக்டரம்மாவின் வேலை. அவை படர மெத்தை நெய்து தருவது என் வேலை. பசைபோன்ற கரைசல் ஓர் ஊசி முனையில் நிற்கும். மின்னழுத்தம் கொடுத்ததும் தலைமுடியைவிடப் பலநூறு மடங்கு மெல்லிய இழையாகப் பறந்துபோய், எதிரே சுழலும் உருளையில் சுற்றிக்கொள்ளும். இழைகள் ஒரே திசையில் படுத்திருந்தால் நரம்பணு தன் விழுதை அவற்றின்மேல் நேராக நீட்டும். வெறும் தட்டில் விட்டால் கண்ட பக்கம் போகும்.

இதை என் அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டத்தைச் சட்டம்போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் பையன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டுவிட்டால் வீடே திருதிருவென்று விழிக்கும். ஒருநாள் நான் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது டிரைவர் சார் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். "அம்மா, உங்க பையன் ரோடு போடறாரும்மா. மூளை நரம்பு போறதுக்கு ரோடு."

"ரோடு போடறதுக்கா இத்தன வருஷம் படிச்சான்?" என்றாள் அம்மா.

"நல்ல ரோடும்மா. ஒரு குழி கெடையாது."

அன்றிலிருந்து அம்மா யாரிடமும் விழிப்பதில்லை.

டிரைவர் சாருடைய வலது கையை நாங்கள் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. அது எப்போதும் பேன்ட் பைக்குள் இருக்கும். தேநீர்க் குவளை, கதவுப் பிடி, கையெழுத்து எல்லாம் இடது கைதான். பைக்குள் ஒரு சாவிக்கொத்து. கை நடுங்க நடுங்க அது கிணுகிணுவென்று ஒலித்துக்கொண்டே இருக்கும். அவர் வருவது அந்தச் சத்தத்தில்தான் தெரியும். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி வியப்போடு பார்த்தபோது, "வண்டி ஷெட்லதான் நிக்குது பாப்பா. இன்ஜின்தான் ஆஃப் ஆக மாட்டேங்குது" என்றார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். கை மட்டும் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று.

பின்னால் அரையடி விட்டு அவருடைய மனைவி வருவார். விழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கைகளும் சற்றே முன்னால் நீண்டிருக்கும். அவரை இவர் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார். வாசல்படி, மின்தூக்கிக் கதவு, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவிலான சந்து என்று எங்காவது திடீரென்று டிரைவர் சாரின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நோயின் குணம் அது. அப்போது அவர் பதறமாட்டார். "சிக்னல் விழுந்துடுச்சு" என்பார். மனைவி காதருகே, "ரைட்" என்பார். ஒன்றிரண்டு ரைட்டுக்குப் பிறகு வண்டி நகரும்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான்தான் ரைட் சொல்றேன்" என்பார் அந்த அம்மா. "கால் கேக்குது. மனுஷன்தான் கேக்கறதில்ல."

மாதாமாதம் நடைச் சோதனைக்காக அவர் வரவேண்டும். முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் மட்டும் எங்கள் பக்கம் வருவார், தன் அணுக்களைப் பார்க்க. தட்டுகளில் எண்கள் மட்டுமே இருக்கும். எது யாருடையது என்பது எங்களுக்கே தெரியாது, தெரியவும் கூடாது. டாக்டரம்மா இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். "நீங்க சொல்ல வேணாம்மா. எனக்கே தெரியும்" என்று நுண்ணோக்கியில் குனிவார். "தோ, இவன் நம்ம பையன். பாருங்க, லேன் மாறாமப் போறான். எதிர்ல ஒருத்தன் வந்தான்னா ஓரம்கட்டி வழி விடறான். கைகாட்டி வழி விடறதுன்னா டிப்போலயே என்னைத்தான் சொல்லுவாங்க." பிறகு அங்கேயே நெடுநேரம் குனிந்திருப்பார். முதுகு வலிக்கும் என்று மனைவி சொன்னால், நிமிராமலே பதில் வரும்: "வீட்ல நான் நோயாளி. இங்க நான் டூட்டில இருக்கேன். டூட்டில இருக்கறவன்கிட்ட பேச்சுக் கொடுக்காத."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் நடைபாதைக்குப் புதுத் தரை வந்தது.

முன்பிருந்தது வெள்ளைப் பாளங்கள் பதித்த தரை. பாளத்துக்குப் பாளம் கறுப்பு இடுக்கு. இடுக்கில் கிருமி தங்கும், கிருமி புகுந்தால் வளர்க்கும் அணுக்களெல்லாம் பாழ். டாக்டரம்மா மனுவுக்குமேல் மனு போட்டு, ஒரேயடியாக ஊற்றிப் பரப்பிய சாம்பல்நிறத் தரையை வாங்கிவிட்டார். ஓர் ஒட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. முகம் பார்க்கலாம். நாங்கள் அதன்மேல் நின்று படமெல்லாம் எடுத்துக்கொண்டோம்.

அந்த மாதம் டிரைவர் சார் நடைபாதையின் முனைக்கு வந்து நின்றார். "அடேங்கப்பா, ஏர்போர்ட் மாதிரி இருக்கே" என்றார். அதற்குமேல் நகரவில்லை.

"சிக்னல்" என்றார்.

"ரைட்."

நகரவில்லை.

"ரைட்டுங்க. ரைட்."

உடம்பை முன்னால் தள்ளிப் பார்த்தார். உடம்பு போயிற்று, கால் போகவில்லை. நான் ஓடுவதற்குள் மண்டியிட்டு விழுந்துவிட்டார். இடது கை தரையில் அறைந்தது. விழும்போதுகூட வலது கை பையைவிட்டு வெளியே வரவில்லை.

அடுத்த மாதம் நடைச் சோதனை முடிந்ததும் அந்த அம்மா டாக்டரம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டார். "சோதனைக்குக் கூட்டிட்டு வர்றேன். உங்க பக்கம் இனிமே வேணாம் டாக்டரம்மா. இடுப்பு ஒடிஞ்சு படுத்துட்டார்னா என்னால தூக்க முடியாது."

"ஒரு தடவ விழுந்ததுக்கு லைசென்ஸையே பிடுங்கறா பாருங்க" என்றார் அவர். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தார். முடியும்போது குரல் இறங்கிவிட்டது. சாவிக்கொத்து என்றைக்குமில்லாத வேகத்தில் ஒலித்தது.

டாக்டரம்மா அவருடைய கால்களைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி அந்த நடைபாதையில நீங்க நின்னதே இல்லையே சார். வாசப்படியில நிப்பீங்க, லிஃப்ட்ல நிப்பீங்க. அங்க மட்டும் எப்படி வந்தீங்க?"

"தெரியலயேம்மா. வந்தேன், அவ்ளோதான்."

"கீழயே பாத்துட்டு வருவாரு" என்றார் மனைவி. "யாராவது எதையாவது தொலைச்சிருப்பாங்க, நமக்குக் கெடைக்காதான்னு தேடறாருன்னு நெனச்சுக்குவேன்."

டாக்டரம்மா எழுந்தார். சோதனை அறை வாசலுக்குப் போய் அந்தப் பளபளத் தரையைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த நோயில் கால் ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு, தாண்டிப்போகத் தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் போதும், மூளை வேறு வழி பிடித்துக் காலை எடுத்துவைத்துவிடும். அவர் மேடைமேடையாக விளக்கிவந்த விஷயம் அது. அந்த நோய்க்காகவே இருக்கிற கூடத்தில், அந்த நோய்க்காரர் பார்த்துப் பார்த்துத் தாண்டி நடந்துவந்த பழைய தரையின் கோடுகளை நாங்கள் மனுப் போட்டு அழித்திருந்தோம்.

"உன்கிட்ட கெட்டுப்போன மெத்தை இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

இல்லாமலா. காற்றில் ஈரம் கூடிய நாட்களில் இழை சரியாக வராது, மணிமணியாகத் திரண்டுவிடும். அணு வளர்க்க உதவாது. தூக்கிப்போடவும் மனம் வராமல், அலுமினியத் தாளோடு சுருட்டி ஓர் அலமாரி நிறைய வைத்திருந்தேன். பால்வெள்ளையாக இருக்கும். எடுத்து வந்து பட்டைப்பட்டையாக வெட்டினோம். டாக்டரம்மா மண்டியிட்டுக்கொண்டு, நடைபாதைக்குக் குறுக்கே பட்டைகளை வைத்து, மேலே ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட" என்றார் அந்த அம்மா, பின்னால் நின்று. "அவ்ளோ தூரம் எட்டு வெக்க மாட்டாரு. ம்... அங்க. அங்க சரி." கடைசியில் அவரே கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, என்னிடமிருந்த பட்டைகளை வாங்கிக்கொண்டு குனிந்துவிட்டார். நுண்ணோக்கி அறை வரைக்கும் அவருடைய அளவில்தான் ஒட்டினோம்.

பிறகு நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். "நடுவுல நின்னுட்டா அவ்ளோதான். அப்புறம் என்கிட்ட கேக்கக் கூடாது."

"சரி கண்டக்டர்."

"நானும் பின்னாடியே வரட்டுமா?"

"வேணாம். இங்கயே நில்லு."

முதல் பட்டைக்கு முன்னால் வந்து நின்றார். நின்றார் என்றால், கால் ஒட்டிக்கொண்டுதான் நின்றார். அந்த அம்மா "ரைட்" சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். டிரைவர் சார் குனிந்து பட்டையைப் பார்த்தார். இடது கால் தரையைவிட்டுப் பிரிந்து, அதைத் தாண்டி அப்பால் விழுந்தது. அடுத்தது வலது. பிறகு நிற்கவில்லை. சாவிக்கொத்து கிணுகிணுக்க, பட்டை பட்டையாகத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். டாக்டரம்மா இன்னும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவரையும் சுற்றிக்கொண்டு போனார்.

கடைசிப் பட்டையைத் தாண்டி, அறை வாசலில் நின்று, சின்னச் சின்ன அடியாக வைத்து முழுசாகத் திரும்பினார். மறுமுனையில் அவர் மனைவி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி அப்படியே நின்றிருந்தார், அங்கே தாங்க யாரும் இல்லாமல்.

சாவிச் சத்தம் நின்றது. டிரைவர் சார் வலது கையை வெளியே எடுத்தார். நன்றாகவே நடுங்கியது. ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதுபோல அதைப் பக்கவாட்டில் முழுக்க நீட்டி, சுவரோரம் ஒதுங்கிக்கொண்டு, முன்னால் போகலாம் என்று மனைவிக்கு வழி காட்டினார்.